ஒரு உழக்கு தவிடு

ஜனவரி 9, செவ்வாய், பம்பாய்

ஒரு உழக்கு தவிட்டில் என் அமெரிக்கப் பயணம் கவிழ்ந்தது. கவிழ்த்தது வேறு யாரும் இல்லை, நானேதான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மகள் செண்பகம் மினசோட்டாவில் இருக்கிறாள், அந்த ஊர்க் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். முப்பத்தேழு வயதில் தலைப்பிரசவம், ஜூன் மூன்றாவது வாரம். பேறுகாலத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி என்று எங்கள் இருவருக்கும் நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கே எழுதிப் போட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் தனித்தனி ஃபைல். இன்று தூதரகத்தில் நேர்காணல்.

என் வீட்டுக்காரரை வேறு ஜன்னலில் கூப்பிட்டார்கள். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று ஒரே கேள்வியாம். "பஸ் கண்டக்டர், முப்பத்தோரு வருசம் சர்வீஸ்" என்றாராம். முடிந்தது.

என் ஜன்னலில் இருந்தது ஒரு இளவயது வெள்ளைக்காரர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு பெண். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நான் கண்ணை மூடி, கோவில்பட்டி செண்பகவல்லி அம்மனை நினைத்து, இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். "ஒன்று போதும்" என்றார்கள்.

செண்பகத்தின் பிறப்புச் சான்றிதழ் அவளுக்குப் பதினேழு வயதானபோது பதிந்து வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இவர் நீங்கள் பெற்ற மகள்தானா? வேறு யாருக்கும் எப்போதாவது கொடுத்தீர்களா?"

அம்மனை இப்போதுதானே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

"பெத்தது நாந்தான். ஆனா வித்துட்டேன்" என்றேன்.

தமிழ்ப் பெண்ணுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "வித்தீங்களா? யார்ட்டம்மா?"

"பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அக்காட்ட. ஒரு உழக்கு தவிட்டுக்கு."

"அப்புறம்?"

"அவுகளே, 'எம்பிள்ளைய நீ வளத்துக் குடு'ன்னு எங்கையில குடுத்துட்டாக."

"திரும்ப வாங்கலையா?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் தவிட்டைத் திருப்பி அளந்து பிள்ளையை மீட்க வேண்டும் என்பது வழக்கம். கல்யாண அவசரத்தில் மறந்துபோனது. "இல்லம்மா, இன்னும் வாங்கல" என்றேன்.

வெள்ளைக்காரர் வெகுநேரம் தட்டச்சு செய்தார். பிறகு மரியாதையாகவே ஒரு தாளைக் கொடுத்தார். மேற்கொண்டு நிர்வாகப் பரிசீலனை இருக்கிறதாம்.

வெளியே வந்ததும் இவர் சொன்னது: "ஏட்டி ஆவுடை, முப்பத்தோரு வருசத்துல டிக்கெட் எடுக்காத ஒரு பயகூட இப்பிடித் தானா வந்து ஒத்துக்கிட்டதில்ல."

ஜனவரி 12, வெள்ளி

வீடு வந்து சேர்ந்தோம். செண்பகம் வீடியோவில் வந்தாள். மாப்பிள்ளை பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"எம்மா, தவிட்டுக்கா வித்தே என்னைய? அதான் அந்தப் பெரியம்மா 'தவுடு, தவுடு'ன்னு கூப்பிட்டுச்சா? நான் கலர் கம்மின்னு சொல்லுதாங்கன்னு நெனச்சு பள்ளிக்கூடம் முடிய அழுதிருக்கேன், தெரியுமா?"

"நீ கேக்கவே இல்லையே தாயி."

"எதுக்கு வித்தே?"

"அந்தக் காலத்துல செய்வாக."

"சும்மாவா?"

"சும்மாதான்."

இதைக் கையைத் தூக்கிச் சொல்லவில்லை. எனவே பொய்க் கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 29, திங்கள்

இவருடைய பாஸ்போர்ட் விசாவோடு வந்துவிட்டது. தெருவில் நாலு பேரிடம் காட்டினார். மருத்துவப் பரிசோதனைக் கணக்குப்படி ஜூன் முதல் வாரத்துக்குள் போய் இறங்கிவிட வேண்டுமாம்.

என் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். "ரெஃப்யூஸ்டு" என்று வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எல்லாம் அகராதியும் பேப்பரும் கற்றுக் கொடுத்ததுதான். அகராதியில் பார்த்தேன். மறுக்கப்பட்டது. ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டால், "அத்தை, அது அப்படித்தான் காட்டும். மறுத்துட்டாங்கன்னு அர்த்தமில்ல, பரிசீலிக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றார். இனி இவர் காப்பி வேண்டாம் என்று சொன்னாலும், பரிசீலிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு போட்டு வைக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இருபத்தெட்டாம் நாள். காலையிலிருந்து எத்தனை தடவை இணையத்தைப் பார்த்தேன் என்று கோடு போட்டு வைத்தேன். பதினான்கு. சாமி விளக்கை எத்தனை தடவை பார்த்தேன் என்றும் கோடு போட்டேன். இரண்டு. அதில் ஒன்று எண்ணெய் ஊற்ற.

வெட்கப்பட்டு, அம்மனுக்கு நேர்ந்திருந்த பதினொரு தேங்காயை இருபத்தொன்று ஆக்கினேன்.

பிப்ரவரி 17, சனி

இன்று விரதம். கோவிலுக்கு ஒரு லிட்டர் பால் கொடுத்தேன். வருடா வருடம் கொடுப்பது. காரணம் எழுதும் வழக்கம் இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

தூதரகத்திலிருந்து மின்னஞ்சல். அகராதியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். மூன்று கேட்கிறார்கள். நானும் செண்பகமும் தாய்-மகள்தான் என்பதற்கு மரபணுச் சோதனை. பிள்ளையை "வாங்கிக்கொண்ட நபரின்" உறுதிமொழிப் பத்திரம். மூன்றாவது, நான் பெற்ற பிள்ளைகள் அனைவரின் பட்டியல். இறந்தவர்கள் உட்பட.

முதல் இரண்டையும் இவரிடம் வாசித்துக் காட்டினேன்.

மார்ச் 1, வெள்ளி

மரியபுஷ்பம் அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்கு எழுபத்துநாலு வயது. பிள்ளை இல்லை. கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"அப்போ நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீ பிளேன் ஏற முடியும்?"

"ஆமாக்கா."

"அதெப்படி? எம்பிள்ளைக்குப் பேறுகாலம் பாக்க நான்ல போகணும். நீ வளத்தவதானே?"

"அக்கா, வெளாடாதீக."

"வெளாட்டு என்னட்டி வெளாட்டு. வருசம் தவறாம கிறிஸ்மஸுக்கு அவளுக்குப் பாவாட எடுத்தது யாரு? நீ தவிடும் திருப்பித் தரல, அளந்து குடுத்த பித்தள உழக்கையும் திருப்பித் தரல."

உழக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. முப்பத்தேழு வருடமாக அதில்தான் அரிசி அளக்கிறேன். தலை குனிந்து நின்றேன்.

நோட்டரி அலுவலகத்தில், "செண்பகவல்லிக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை" என்று அடித்து வைத்திருந்தார்கள். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நோட்டரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நான் கோயிலுக்குப் போறவ தம்பி. ஆண்டவர் முன்னால இத எப்பிடி வாசிக்க?" கடைசியில், "பெற்றவள் ஆவுடையம்மாள். எனக்கும் மகள் போன்றவள். உரிமை எதுவும் கோரவில்லை" என்று மாற்றினார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு, "போன்றவள்ங்கிறத எடுத்திருவமா?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கையெழுத்துப் போட வைத்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 4, திங்கள்

மூன்றாவது தாளை நானே நிரப்பினேன். முதல் விண்ணப்பத்தில் பிள்ளைகள் "ஒன்று" என்று இவர் போடச் சொல்லிப் போட்டது. தவிட்டைச் சொன்ன வாய் அதை ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து உறுத்துகிறது.

1. ஆண். பதினொரு நாள்.
2. பெண். மூன்று மாதம் நான்கு நாள்.
3. செண்பகவல்லி.

பெயர் என்ற கட்டத்தை முதலாமவனுக்கு நிரப்பாமல் விட்டேன். பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். இரண்டாவதைக் கண்ணு என்று கூப்பிட்டோம். அதையே எழுதினேன்.

படம் எடுத்துச் செண்பகத்துக்கு அனுப்பினேன், அவள்தான் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"எம்மா. இது யாரு ரெண்டு பேரு?"

"உனக்கு முன்னால."

"அதுக்குத்தான் என்னைய வித்தியா?"

"எம்பிள்ளன்னு தெரிஞ்சா எடுத்துக்கிடும்னு சொன்னாக. வேற வீட்டுப் பிள்ளன்னா விட்டுரும்னாக. யார் என்ன சொன்னாலும் செய்யுத நெலமையில நான் இருந்தேன், தாயி."

லைன் போய்விட்டது என்று போனைத் தட்டினேன். போகவில்லை.

"எனக்கும் போன வருசம் ஒண்ணு நிக்கல. மூணாவது மாசம். ஒங்கிட்டச் சொல்லல."

"ஏன்ட்டி சொல்லல?"

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

சரிதான். நாங்கள் தாய்-மகள்தான் என்பதற்கு எதற்கு மரபணுச் சோதனை? இதை அனுப்பியிருந்தால் போதாதா?

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். எழுபத்தாறாம் நாள். தேங்காய் நூற்றொன்று ஆகிவிட்டது. அம்மன் அசைந்து கொடுக்கவில்லை. அங்கேயும் நிர்வாகப் பரிசீலனை இருக்கும் போல.

ஏப்ரல் 15, திங்கள்

இனி என் விசாவை நம்பிப் பயனில்லை என்று நேற்று வருடப் பிறப்பும் அதுவுமாக முடிவு செய்தோம். நான் அல்ல, இவர் போகிறார். பேறுகாலம் பார்க்க!

அறுபத்தேழு வயது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்பங்கரைக்குள் வந்தது தண்ணீர் குடிக்க, அதுவும் டம்ளர் எங்கே என்று கேட்டுக்கொண்டு. அம்மனிடம் நான் கேட்டது என்ன, அவள் கொடுத்திருப்பது என்ன!

பயிற்சி தொடங்கியது. இன்றைய பாடம் பூண்டுக் குழம்பு. "ஒரு கைப்பிடி பூண்டு" என்றேன். "யார் கை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இத்தனை வருடம் எனக்குத் தோன்றியதில்லை. அளவெல்லாம் கிராமில் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 22, திங்கள்

விரதம். ஒரு லிட்டர் பால். கண்ணுக்கு.

மே 3, வெள்ளி

சென்னைக்குப் போய்ச் சோதனை கொடுத்துவிட்டு வந்தேன். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் நாலு தேய்ப்பு. இதற்குப் போகவர ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். சோதனை செய்த பெண்ணிடம், "நல்லாத் தேய்ங்கம்மா, விட்டுப்போகப் போகுது" என்றேன்.

வந்த கையோடு இன்றைய பாடம்: குழந்தையைக் குளிப்பாட்டுவது. மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் காலில் குப்புறப் போட வேண்டும். குழந்தைக்குப் பதில் அம்மிக் குழவியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். முதல் தடவை நழுவி அவர் கால் விரலில் விழுந்தது.

"பிள்ளைய இப்பிடியா விடுவீக?"

"பிள்ள இம்புட்டுக் கனக்காதுட்டி!"

மரியபுஷ்பம் அக்கா உள்ளே வந்தாள். சற்று நேரம் நின்று பார்த்தாள். "ஏன் தம்பி, பேரப்பிள்ளைய கல்லுல செஞ்சுதான் தாராகளா?" என்றாள். பிறகு அவளே உட்கார்ந்து, தலையை எந்தக் கையில் தாங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். செண்பகத்தைப் பாதி நாள் குளிப்பாட்டியது அவள்தான். நான் அந்த நாட்களில் பிள்ளையைத் தொடவே பயந்து கிடந்தேன். இதை எங்கேயும் எழுதியதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

மே 24, வெள்ளி

இவர் கிளம்பிவிட்டார். பெட்டியில் சுக்குப் பொடி, மிளகு, பனங்கருப்பட்டி, நாற்பத்தொரு நாளுக்கு நாள்வாரியாக எழுதிய என் நோட்டு. கடைசி நேரத்தில் பித்தளை உழக்கையும் எடுத்து வைத்தேன். அந்த ஊர்க் கப்பில் இவருக்கு அரிசி அளக்கத் தெரியாது. கப்பில் அளந்தால் பாயசம் ஆகிவிடும்.

ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "கதவை நல்லாப் பூட்டிக்கோ" என்றார். பிறகு பழக்க தோஷத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து இரண்டு விசில் கொடுத்தார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. ரயில் அதற்காகத்தான் காத்திருந்தது போல வேகம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து மூன்று பேருக்குச் சமைத்தேன். ஏன் மூன்று என்று தெரியவில்லை.

மே 30, வியாழன்

அங்கிருந்து வீடியோ. முதல் பூண்டுக் குழம்பு வைத்துவிட்டாராம். புகை வந்து வீட்டில் மணி அடித்ததாம். அடுத்த வீட்டிலிருந்து ஒரு அம்மா, ரூத் என்று பெயர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஓடி வந்தாராம். இவர் அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினாராம். நாற்பத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒரு கிண்ணம் கிடைத்ததில்லை.

ஜூன் 11, செவ்வாய்

சோதனை முடிவு வந்துவிட்டது. செண்பகம் என் மகளாக இருப்பதற்கு 99.99 சதவீதம் வாய்ப்பு.

வயிற்றில் சுமந்த எனக்கு இதைச் சொல்ல ஒரு ஆய்வுக்கூடம். இருக்கட்டும். ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒன்று உறுத்தும் அல்லவா? நூறுக்கு 0.01 குறைகிறதே, அது எங்கே?

மரியபுஷ்பம் அக்காவிடம் கேட்டேன். "அது எனக்குள்ளது" என்றாள், உளுந்து புடைப்பதை நிறுத்தாமல்.

என் நிலை இணையத்தில் மாறவில்லை. முடிவு வந்தது, அதைப் பரிசீலிக்கிறார்கள்.

ஜூன் 19, புதன்

பெண். மூன்று கிலோ நூறு. இருவரும் நலம்.

கோவிலுக்குப் போனேன். பிராகாரத்தில் எத்தனை சுற்று என்று எண்ண மறந்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

இவர் பேத்தியைக் குளிப்பாட்டுவதை வீடியோவில் பார்த்தேன். கால் நீட்டி, தலை தாங்கி, ஒரு குறை சொல்ல முடியவில்லை. எவ்வளவோ தேடினேன். கடைசியில், "தண்ணி சூடா இருக்கு போல" என்றேன். "போன்லயே சுட்டுச்சா?" என்றார்.

ஜூன் 26, புதன்

தூக்கம் சரியில்லை. வெயில். வேறு காரணம் ஒன்றும் இல்லை. குழந்தை பால் குடித்ததா என்று கேட்க ஆறு தடவை கூப்பிட்டேன். இணையத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

நூற்று எழுபத்தொன்றாம் நாள். குழந்தைக்குப் பத்தாம் நாள்.

காலையில் செண்பகம் தானே கூப்பிட்டாள். முகம் கழுவாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

"எம்மா. இங்க கடையில ஓட்ஸ் தவிடுதான் இருக்கு. அது ஆகுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. கஞ்சிக்கு என்று நினைத்து, "பேறுகாலத்துக்குத் தவிடு எதுக்கு, செரிக்காது" என்றேன்.

"திங்கிறதுக்கு இல்லம்மா." குரலை இன்னும் தாழ்த்தி, "நாளைக்குப் பதினோராம் நாள்" என்றாள்.

கம்ப்யூட்டரில் பெரிய வேலை பார்க்கிறவள். ஜனவரியில் என்னை அந்தத் திட்டுத் திட்டியவள். "ஆகும்" என்றேன். "எந்தத் தவிடும் ஆகும்."

மரியபுஷ்பம் அக்காவை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். இருவரும் போனுக்கு முன்னால் உட்கார்ந்தோம். ரூத் அம்மாவுக்கு மாப்பிள்ளை என்ன சொல்லி விளக்கினாரோ, அந்த அம்மா நல்ல சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசி வந்திருந்தார். கையில் பித்தளை உழக்கு. அதில் நிறையத் தவிடு.

"தலை தட்டாம, கோபுரமா அளக்கச் சொல்லு" என்றாள் அக்கா இங்கிருந்து. மாப்பிள்ளை இங்கிலீஷில் சொன்னார். ரூத் அம்மா இன்னும் ஒரு கை போட்டார்.

இவர் நடுவில் நின்று, பிள்ளையை வாங்கி அந்த அம்மா கையில் கொடுத்தார். தவிட்டை வாங்கிச் செண்பகத்தின் மடியில் கொட்டினார். முப்பத்தோரு வருடம் காசை வாங்கி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கை. பதற்றமே இல்லை. எனக்குத்தான் திரை தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ரூத் அம்மா பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தும், கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை. மரியபுஷ்பம் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "அப்பிடித்தான்ட்டி இருக்கும்" என்றாள்.

பிறகு கொடுத்தார். என்னவோ சொன்னார். "நல்லா வளத்துக் குடுன்னு சொல்லுதாங்க" என்றாள் செண்பகம், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும்.

எல்லாரும் போன பிறகு நான் அவளிடம் சொன்னேன்: "ஏட்டி, நான் சொல்லுதேன்னு நெனைக்காத. இத எந்த ஆபீசுலயும் மூச்சு விட்டுராத. நான் படுத பாடு போதும்."

"கையத் தூக்கச் சொல்லிக் கேட்டா?"

"கேட்டா... பாத்துச் சொல்லு."

"எம்மா, நான் ஒம்மகதான? கேட்டா உள்ளதச் சொல்லிருவேன்."

கணக்கில் குறைந்த 0.01 வந்து சேர்ந்தது. மரியபுஷ்பம் அக்காவுக்கு அதை விட்டுக் கொடுப்பதாக இல்லை.